நன்னீர்க் குழாய்களின் இரகசியம்

செ. தம்பிராசா தமது நூலுக்கு முதலில் வைத்த பெயர் ‘திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நன்னீர் வழங்கிய முறைமை’. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தின் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்து மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர் வேறெதைத்தான் எழுதுவார்? எந்தக் குழாய் எந்த ஆண்டில் துருப்பிடித்தது, எந்தக் கப்பலுக்கு எத்தனை தொன் ஏறியது என்று நூற்றெழுபத்தாறு பக்கம்.

அச்சுக்குப் போகுமுன் மருமகன் கஜீபன் குறுக்கே விழுந்தார். கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்றுக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்பவர் அவர். சவர்க்காரத்தைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்த அனுபவம் உண்டு.

“மாமா, தண்ணிப் போத்தலைக் காசு குடுத்து வாங்குவினம். தண்ணியைப் பற்றின புத்தகத்தை ஓசியில குடுத்தாலும் வாங்க மாட்டினம்” என்றார்.

நூலின் பெயர் ‘ஆழத்தில் கிடப்பவை’ ஆனது. சில குழாய்கள் கடலடியில்தானே கிடக்கின்றன, ஆகவே பொய்யில்லை என்பது கஜீபனின் வாதம். கறுத்த நீர், அறுந்த சங்கிலி என்று அட்டை வந்தது. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. முகநூலில் விளம்பரம் ஏறியது: ‘துறைமுகத்தின் அடியில் என்ன இருக்கிறது? சிலர் வெளிவிட விரும்பாத உண்மைகள். முப்பத்தொரு வருடம் வாய் திறக்காத ஒருவர் பேசுகிறார்.’

அதை வாசித்த மனைவி இராசமலர், “வாய் திறக்காத ஆளோ? ஆர் அது?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

மூன்று நாளில் இரண்டாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர் ‘எம் இனத்தின் முதுகெலும்பு’ என்று எழுதினார். தம்பிராசாவின் நடையே மாறிவிட்டது. தொலைபேசியில் பேசுமுன் யன்னலைச் சாத்தினார். இப்போது எல்லாவற்றையும் சொல்ல ஏலாது என்று பால் கொண்டுவருபவரிடம்கூடச் சொன்னார். அவர் கேட்டது நாளைக்கு ஒரு போத்தலா, இரண்டா என்பதைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

சிவில் உடுப்பில் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கதிரையில் உட்கார்ந்தார். பெயரும் சொன்னார், பயத்தில் வீட்டில் ஒருவருக்கும் அது நினைவில் நிற்கவில்லை. எந்தப் பிரிவு என்று கேட்கும் துணிவும் வரவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கைபேசியில் அந்த விளம்பரத்தைக் காட்டினார்.

“‘சிலர் வெளிவிட விரும்பாத உண்மைகள்’ எண்டு போட்டிருக்கிறீங்கள். அந்தச் சிலர் ஆர் ஐயா?”

தம்பிராசா கஜீபனைப் பார்த்தார். கஜீபன் மின்விசிறியைப் பார்த்தார்.

வந்தவர் வற்புறுத்தவில்லை. வாசிக்க ஒரு பிரதி கேட்டார். வெள்ளிக்கிழமை வருவதாகவும், தாம் சொல்லும்வரை நூல் வெளியீட்டு மண்டபத்தைத் திறக்க வேண்டாமென்று மண்டபக்காரரிடம் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்துவிட்டுப் போனார். வெளியீட்டு விழா ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு. முந்நூறு அழைப்பிதழ் ஏற்கெனவே போய்விட்டது.

மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. முதற்பிரதி பெறவிருந்த இரும்புக்கடை முதலாளிக்குத் திடீரென்று கதிர்காமத்து நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்தது. தலைமை வகிக்கவிருந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிக்கு முழங்கால் வீங்கியது. இந்தத் துணிவு வேறு ஒருவருக்கும் வராது என்று இருவரும் தொலைபேசியில் பாராட்டினார்கள். ஆய்வுரை செய்யவிருந்தவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

தம்பிராசா தமது நூலை முதன்முறையாகப் பயத்தோடு வாசித்தார். அறுபத்தேழாம் பக்கத்தில் குழாய்ப் பாதையின் படம் இருந்தது. தாமே ரூலரால் கோடு கீறி வரைந்த படம். போன மாதம் அதைப் பெருமையாகக் காட்டித் திரிந்தவர், இப்போது ஒவ்வொரு கோட்டையும் விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தார். ‘கசிவுகள்’ என்று ஓர் அத்தியாயமே இருந்தது. வால்வு கசிந்ததைத்தான் எழுதினேன் என்று சுவருக்குச் சொல்லிப் பார்த்தார். சுவர் நம்பியதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னார். கஜீபன் எடுத்தார். யார் மிரட்டியது, ஏன் எடுத்தீர்கள் என்று நானூறு பேர் கேட்டார்கள். வியாழன் முழுவதும் தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் தம்பிராசா எழுந்து நின்றார். இராசமலர், கூட்டிக்கொண்டு போனால் என்று, ஒரு பையில் இரண்டு சாரமும், பிரஷர் குளிசையும் எடுத்துவைத்தார். 

வெள்ளிக்கிழமை வந்தவரின் கையிலிருந்த பிரதியில் நிறையக் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன.

“அறுபத்தோராம் பக்கத்தில இது ஆறு அங்குலக் குழாய் எண்டுறீங்கள். நூற்றிப்பன்னிரண்டில அதே குழாய் எட்டு அங்குலம். எது சரி?”

“எட்டு. இல்லை, ஆறு.”

அவர் குறித்துக்கொண்டார். இப்படியே ஒரு மணித்தியாலம் போனது. கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு நூலை மூடினார்.

“முழுக்க வாசிச்சனான் ஐயா. ரெண்டு தரம். இதில ஒண்டும் இல்லை.”

மூன்று நாளாக வீடே காத்திருந்த வார்த்தை. ஆனால் காதில் விழுந்ததும் தம்பிராசாவுக்கு நிம்மதி வரவில்லை. சுருக்கென்று எங்கோ குத்தியது.

“அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லேலாது” என்றார்.

குசினி வாசலில் நின்ற இராசமலர் கோப்பையையும் தட்டையும் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார்.

வந்தவர் பேனையை மறுபடி திறந்தார். “அப்ப என்ன இருக்கு?”

கஜீபன் கண்ணை மூடிக்கொண்டார். தம்பிராசாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. இரண்டாயிரம் பேர் நம்பிய ஒன்றை, வந்த ஒரே ஒருவருக்காக எப்படி மறுப்பது?

“இஞ்சாருங்கோ” என்றார் இராசமலர். “முழுக்க டைப் பண்ணினது நான். எனக்குத் தெரியாமல் அதுக்குள்ள என்னத்தை வச்சிருக்கிறீங்கள்?”

தம்பிராசா, “ஒண்டும் இல்லை” என்றார்.

வந்தவர் அதை எழுத்தில் கேட்டார். விளம்பரம் வந்த இடத்திலேயே அதுவும் வரவேண்டும், வந்தால் மண்டபம் திறக்கும். ‘இந்நூலில் மறைக்கப்பட்ட உண்மை எதுவும் இல்லை. விளம்பரம் விற்பனைக்காகச் செய்யப்பட்டது’ என்று தம்பிராசா எழுதினார். கீழே ‘எனினும், கூர்ந்து வாசிப்போருக்கு’ என்று தொடங்கினார். வந்தவர் பேனையை வாங்கி அந்த வரியை வெட்டினார்.

பதிவு ஏறிய பத்தாவது நிமிடம் முதற் கருத்து வந்தது: ‘புரிகிறது ஐயா. பேனையைப் பிடித்தது யார் என்று எங்களுக்குத் தெரியும்.’

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் ஐந்து கதிரை. உட்கார்ந்திருந்தது தம்பிராசாவும் கஜீபனும். கடைசி வரிசையில், சுவரோரமாக, மோட்டார் சைக்கிளில் வந்த அவர்.

சிறப்புப் பிரதி பெறுபவரைப் பெயர் சொல்லி அழைத்தால், அவர் மேடையேறி, பிரதியை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் விழாக்களின் வழக்கம். தன் பெயர் விடுபட்டால் மூன்று வருடம் பேசாதவர்கள் இருக்கிறார்கள். கஜீபன் நாற்பத்திரண்டு பெயர் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. கூப்பிடப்பட்டவர்கள், அந்தப் பெயரில் இங்கே யார் இருக்கிறார் என்று தாங்களும் அக்கம்பக்கம் தேடினார்கள். படம் எடுப்பவர் வெறும் மேடையை ஒருமுறை எடுத்தார்.

ஏற்புரைக்கு எழுந்த தம்பிராசா கடைசி வரிசையைப் பார்த்தார். பேனை திறந்திருந்தது. இந்த நூலில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்க் குழாய் என்றார். மண்டபம் கைதட்டியது. சத்தியமாக ஒன்றும் இல்லை என்றார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். சட்டை முதுகோடு ஒட்ட, மேலும் ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்துநின்று தட்டினார்கள்.

விழா முடிந்ததும், மேடைக்கு வராத நாற்பத்திரண்டு பேரும் பின்பக்க மேசையில் வரிசையாக நின்றார்கள். வாங்கிய பிரதியைக் கைப்பைக்குள்ளும் மடித்த குடைக்குள்ளும் செருகிக்கொண்டார்கள். தம்பிராசா கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி வரிசைக் கதிரை இப்போது வெறுமையாகக் கிடந்தது.

தோப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்த நபீஸா டீச்சர் குனிந்து கேட்டார். “அது எந்தப் பக்கத்தில, சேர்?”

“ஒண்டும் இல்லை டீச்சர். சொன்னனான்தானே.”

“விளங்குது. நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டன். பக்கத்தை மட்டும் சொல்லுங்க.”

தம்பிராசா இடமும் வலமும் பார்த்தார்.  விரல்கள், அவரைக் கேட்காமலே, நூலின் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தின் மூலையை மடித்தன. டீச்சர் கண்ணால் நன்றி சொல்லி, நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

மேசைமேல் அடுத்த பிரதி வந்தது. தம்பிராசா உற்சாகத்தோடு ‘அன்புடன்’ என்று எழுதினார்.

“டீச்சருக்கு மடிச்ச பக்கத்தை எனக்கும் மடிச்சுத் தாங்கோ ஐயா” என்றது மேலேயிருந்து, பழகிய மரியாதையான குரல்.

வரிசையில் பேச்சு நின்றது. தம்பிராசா பக்கங்களைப் புரட்டினார். பின்னுக்குப் போய், மறுபடி முன்னுக்கு வந்து புரட்டினார். எந்தப் பக்கத்தை மடித்தார் என்பது அவருக்கே தெரியாது.