வங்கியைத் தோற்கடித்த குளியல்

1

என் மனைவி ஒரே ஒரு குளியலால் ஒரு வங்கியைத் தோற்கடித்தாள். ஓய்வுபெற்றபின் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. நம்பிய ஆளும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் சந்தேகப் பேர்வழி குளித்தவளேதான்.

"பத்து நிமிஷம் குளிச்சேன். அதைப் போய் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு."

2

'அன்று வானம் இருண்டு...' வேண்டாம். வெயில் கொளுத்தியது.

வீட்டுக்கடன் தவணைகள் தவறியிருந்தன. வீட்டை எடுத்துக்கொள்வதாக வங்கி நோட்டீஸ் அனுப்பியது. இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீலம்மா ஆட்சேபம் எழுதினார். அதற்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அது எங்கள் உரிமை.* வங்கி பதில் சொல்லவில்லை. தடை உத்தரவு கேட்டு அவர் நீதிமன்றத்தில் நின்ற அதே காலையில், பூட்டும் அரக்குமாக நாற்பது அதிகாரிகள் வந்து இறங்கினார்கள்.

(இரண்டு பேர். கதைக்கு நாற்பதுதான் எடுப்பு.)

* ஏலம் விடும்வரை பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்பதும் உரிமைதான். கையில் காசு வர நாள் வேண்டுமே.

3

பெரிய அதிகாரிக்கு வில்லன் மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனுஷர் படியேறிய களைப்பில் தண்ணீர் கேட்டார்.

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"என் சம்சாரம். குளிக்கிறா."

"வரட்டும். ஆள் இருக்கும்போது பூட்டக்கூடாது."

"அவ குளிச்சா ஆறே வத்திடும் சார்."

காத்திருந்தார். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சின்ன அதிகாரி குறட்டை விட்டார். எனக்கு இரண்டு முறை தாடி வளர்ந்தது. [மனைவியின் குறிப்பு: புளுகு.] பெரியவர் ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.

கடைசியில் வக்கீலம்மா, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, தடை உத்தரவோடு படியேறி வந்தார். அந்தச் செருப்புக்கும் என் நன்றி. அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுப் பூட்டைப் பைக்குள் போட்டார். எங்களுக்கு அவகாசம் கிடைத்தது, பாக்கியைக் கட்டினோம். இதை எழுதுவதும் அதே வீட்டில்தான்.

4

முடிவு ஒன்று: ஈரத்தலையோடு வெளியே வந்து, "யார் வந்தாங்க?" என்றாள்.

முடிவு இரண்டு: அவள் உள்ளே...

உள்ளே நடந்தது எனக்கெப்படித் தெரியும்? 'வாசகர்களே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதித் தாளை அவளிடம் நீட்டினேன்.

படித்தாள். வழக்கமான 'புளுகு' வரவில்லை.

"பத்து நிமிஷந்தான் குளிச்சேன். அப்புறம் ஆள் இருந்தா பூட்டக்கூடாதுன்னு அந்தப் பெரிய அதிகாரி சொன்னது காதுல விழுந்துச்சு. துணி மாத்திக்கிட்டு, பக்கெட்டைக் கவுத்துப்போட்டு உக்காந்து, குழாயைத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தேன்."

"இத்தனை வருஷம் சொல்லலையே?"

"பயந்து நடுங்கினதைப் பெருமையாவா சொல்றது?" தாளைத் திருப்பித் தந்தாள். "நடந்ததுதாங்க. அந்த 'நாற்பது'ங்கிறதையும் அடிச்சுடாதீங்க. உள்ள இருந்து கேட்டப்ப எனக்கும் நாப்பது பேர் மாதிரிதான் இருந்துச்சு."