அக்காவின் பரவாயில்லை

எங்கள் அக்காவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். காய்ச்சல் எப்படி இருக்கு? பரவாயில்ல. மழையில நனைஞ்சிட்டியா? பரவாயில்ல. பஸ்ஸில் எவனோ காலை மிதித்துவிட்டு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போவான். இவள் அவன் முதுகைப் பார்த்து, "பரவாயில்லைங்க" என்பாள். நாங்கள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பரவாயில்லக்கா. எனக்குப் பட்டாசு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்புவதில்லை.

ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பக்கம் நான். அக்கா நீராவி இஸ்திரி மெஷினில். விரிப்பைப் பரப்பி, மேல்தகட்டைக் கைப்பிடியால் இழுத்து அமுக்கி, புஸ்ஸென்று ஆவி வந்ததும் தூக்க வேண்டும். நாள் முழுக்க இதேதான். அந்தக் கைப்பிடி இறுகிப்போய் மாதக்கணக்காகிறது. அவளுடைய வலது கையில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போக ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். நான் தொண்டை வற்றக் கத்திய பிறகு டாக்டரிடம் போனாள். தனியாகத்தான் போவாள். "நீ வந்தா அங்கயும் சண்டைக்கு நிப்ப" என்பாள். திரும்பி வந்தால், "அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிட்டாங்க" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

அன்று மதியம் அவளிடம் சோப்புத்தூள் அலமாரியின் சாவி கேட்கப் போனேன். ஏதோ கருகுகிற வாடை. துணிதான் என்று நினைத்தேன். துணி இல்லை. அக்காவின் நடுவிரல் கொதிக்கிற தகட்டின் ஓரத்தில் அழுந்தியிருந்தது. அவளோ பக்கத்து மெஷின்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அக்கா! கை!"

பிடித்து இழுத்தேன். விரலைத் திருப்பிப் பார்த்தாள். "அட, பட்டுடுச்சா?" என்றாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல.

நேரே மேற்பார்வையாளரிடம் பாய்ந்தேன். "அந்தக் கைப்பிடியைச் சரி பண்ண ஒரு ஆளைக் கூப்பிட உங்களுக்கு என்ன கேடு?"

மனிதர் மிரண்டுபோனார். "கூப்பிட்டேனேம்மா! மெக்கானிக் வந்தாரு. கைப்பிடி எப்படி இருக்குன்னு உங்க அக்காவைத்தான் கேட்டாரு. பரவாயில்லன்னாங்க. அவரும் கிளம்பிட்டாரு."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மாத்திரை ஏன் மாறவே இல்லை என்பதும் புரிந்தது. அக்காவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இளவயதுப் பெண், அன்பாகப் பேசுகிறவர். விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "மரத்துப்போறது இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்லம்மா."

டாக்டர் பேனாவை எடுத்தார். "நல்லது. போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க. குறைஞ்சிட்டு வருது. அதே மாத்திரையை..."

"நிறுத்துங்க டாக்டர்!" என்றேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நானா அடங்குவேன்? "பரவாயில்லன்னா நீங்க தேவலைன்னு எடுத்துக்கறீங்க. இவ பரவாயில்லன்னா, பொறுத்துக்கறேன்னு அர்த்தம். கழுத்தை அறுத்தாலும் இவ அதைத்தான் சொல்லுவா!"

டாக்டரின் பேனா நின்றது. அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். "நான் தொடும்போது சொல்லுங்க." ஒரு ஊசியை எடுத்து, சுட்டுவிரல் நுனியில் வைத்தார். பிறகு லேசாக அழுத்தினார். அக்கா சமத்தாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணை மூடிட்டேன்மா. தொடுங்க" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் கையில் பிடிக்கிற வலு போய்விடும், போனால் திரும்பாது என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் அக்கா. தெருவுக்கு வந்ததும், "வேணாம்டி. இருக்கறதை வச்சு ஓட்டுவோம். இடது கை நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "உனக்கெல்லாம் கடவுள் எதுக்கு வாயைக் குடுத்தான்?"

அக்கா நின்றாள். அவள் முகம் சிவந்து நான் பார்த்ததே அபூர்வம். "கத்தறதுக்குத்தான் நீ இருக்கியே. அம்மா அப்பா போனப்ப நானும் உன்னை மாதிரி கத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அத்தை வீட்ல ஒரு மூலை குடுத்தாங்க. ஏச்சுக்கும் பரவாயில்லன்னேன், பேச்சுக்கும் பரவாயில்லன்னேன். இல்லன்னா அந்த மூலையும் நமக்கு இல்ல. இன்னைக்குப் பட்டாசா வெடிக்கிறியே, நனையாம வச்சிருந்தது யாருடி?"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் என்னை ஆளாக்கினாள். ஆனால் அத்தை வீட்டை விட்டு நாங்கள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன். இவள் இன்னும் அந்த மூலையிலேயே ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்ததும் பொங்கிப் பொங்கி அழுகை வந்தது. பட்டப்பகலில், நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க அழுதேன்.

"ச்சீ, என்னடி இது, சின்னப் பிள்ளையாட்டம்" என்று அக்கா வழக்கம்போல வலது கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றாள். விரல்களைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூன்று விரலும் ஈரத்தில் மினுங்கின.

"ஈரம் தெரியலடி" என்றாள். மறுபடி என் கன்னத்தைத் தொட்டாள். "உன்னைத் தொடறேன். எனக்குத் தெரியலயேடி." குரல் உடைந்துபோயிற்று.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளேதான் சொன்னாள். "வா, திரும்பப் போய்த் தேதி கேப்போம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் வீட்டிலிருந்த நாட்களில் கைப்பிடியையும் சரி செய்தார்கள். மெக்கானிக்கிடம் மேற்பார்வையாளர் படித்துப் படித்துச் சொன்னாராம்: "யாரையும் கேக்காதீங்க. நீங்களே இழுத்துப் பாருங்க." கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. நடுவிரலைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். அதைக் கேட்டு நான்தான் இடிந்துபோனேன். அக்கா, "சரிம்மா, மத்த ரெண்டுக்கும் என்ன பயிற்சி பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, எப்போதும்போல டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வலது கையாலேயே பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"ஏன், சுடுதா?"

"சூடெல்லாம் தெரியுது. டீதான் நல்லா இல்ல."

"என்னது?"

"பாயசம் மாதிரி இருக்குடி. என்னைக்குமே உன் டீ நல்லா இருந்ததில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷமாக ஒரு சொட்டு விடாமல் குடித்தவள் இவள்! திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன்.

"சரி மகாராணி, உங்களுக்கு எப்படி வேணும்? சொல்லுங்க, அப்படியே போட்டுத் தரேன்."

அக்கா சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். பால் பாத்திரத்தைப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியலயேடி" என்றாள்.

நான் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன்.