சூடு ஏறினால் நிற்கும் கார்

காலை பதினொன்றே காலுக்குக் கருமத்தம்பட்டியில் கார் நின்றது. அய்யூப் இறங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். அவரும் டிரைவர் ராக்கையாவுமாகப் புளியமரத்து நிழல்வரை தள்ளினார்கள். பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார். இன்னும் ஒரு மழைகூடக் காணவில்லை.

"சூடு ஏறுனாப் படுத்துக்கிருது மொதலாளி. ஆறுனாத் தானா எந்திரிச்சிருது" என்றான் ராக்கையா.

"கார் வாங்குனனா, எருமை வாங்குனனா?"

"எருமைன்னா வாலையாவது முறுக்கலாம்."

அய்யூப்புக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். சரக்கு வாங்கும் ஜெர்மன்காரப் பையர் பீளமேடு விமான நிலையத்தில் வந்து இறங்கினால் மரியாதையாக அழைத்து வரத்தான் இந்தக் கார். போன தடவை அந்த மனிதர் தெக்கலூர் வெயிலில் டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் காரைத் தள்ளினார். சிரித்துக்கொண்டேதான் தள்ளினார். ஆர்டர் பேசும்போது சிரிக்கவில்லை. இன்று சாயங்காலம் மறுபடி வருகிறார்.

கோயமுத்தூர் ஷோரூமுக்கு எத்தனை நடை நடந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துத் தந்தார்கள். பெட்ரோல் சரியில்லை என்றார்கள். திருப்பூர்த் தூசி என்றார்கள். டிரைவர் கிளட்சிலிருந்து காலை எடுப்பதில்லை என்றார்கள். வண்டியில் கோளாறு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேறு கார் தர வேண்டியிருக்கும். அதை இன்று அவர்கள் வாயால் சொல்ல வைக்காமல் திரும்புவதில்லை என்றுதான் அய்யூப் கிளம்பியிருந்தார்.

சூடு ஆறிக் கிளம்பிய கார் ஷோரூம் போய்ச் சேர்ந்ததும், சர்வீஸ் மேனேஜர் சாமியப்பன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க பாய், வாங்க. உக்காருங்க. காப்பி சொல்றனுங்க."

"திருப்பூர்ல காப்பிக்கடை இல்லாமயா இங்க வந்தேன்?"

"கோவப்படாதீங்க பாய். புதுச் செருப்புன்னா நாலு நாளைக்குக் கடிக்கத்தானுங்க செய்யும்."

"கடிச்ச செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டு வந்திருக்கறனுங்க. யாரை அடிக்கறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

புதுக் கார் பார்க்க மனைவியோடு வந்திருந்த ஒருவர் திரும்பினார். அய்யூப் அவரைப் பார்த்தே குரலை உயர்த்தினார்.

"வாங்கறதுன்னா வாங்குங்கண்ணா! தள்றதுக்கு நாலு பேரையும் சேத்தி வாங்கீருங்க!"

அந்த ஆள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். சாமியப்பனின் முகம் கறுத்தது. ஷெட்டைப் பார்த்துக் கத்தினார்.

"மாரப்பா! இங்க வாய்யா!"

வந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். நீல யூனிபாரம், கையெல்லாம் கிரீஸ்.

"பாயோட வண்டிய யாரு பாத்தது?"

"நானுங்க."

"பாத்த லட்சணமாய்யா இது? இன்னியோட உனக்கு வேலை இல்லை. சாவிய வெச்சுட்டு நடையக் கட்டு."

மாரப்பன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து கேட்டைத் தாண்டிப் போனான்.

"இப்பத் திருப்திங்களா பாய்?"

அய்யூப்பின் கோபம் சட்டென்று இறங்கியது. ஒருவன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே, வேண்டாம் விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் நிறுத்திக்கொண்டார். வேலை போனவன் முதலில் தன் டிபன் பாக்ஸைத்தான் தேடுவான். இவன் தேடவில்லை. யூனிபாரத்தையும் கழற்றவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

திருப்பூரில் இது தெரியாத முதலாளி கிடையாது. பையர் பனியன் பீஸில் ஓட்டையைப் பிடித்துவிட்டால், அவர் கண் முன்னாலேயே எவனாவது ஒருவனை வேலையைவிட்டு அனுப்புவார்கள். பையர் மனம் இளகுவார். பாவம், விட்டுவிடுங்கள் என்பார். அந்த இளக்கத்தில் ஓட்டை மறந்துபோகும். அனுப்பப்பட்டவன் மறுநாள் டிபன் பாக்ஸோடு வேலைக்கு வருவான். தெக்கலூரில் ராக்கையாவுக்கும் இப்படித்தான் ஜெர்மன்காரர் முன்னால் வேலை போயிற்று. மறுநாள் காலையில் அவன்தான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தன் சரக்கைத் தன்னிடமே விற்கிறார்கள். அய்யூப்புக்கு உச்சந்தலை கொதித்தது.

"கூப்புடுங்க அவரை."

மாரப்பன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். அய்யூப் சாமியப்பன் பக்கம் திரும்பினார்.

"நெசமாலுமே வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சுங்க பாய். உங்களுக்கோசரந்தான்."

"நல்லதாப் போச்சு. மாரப்பண்ணா, வண்டியில ஏறுங்க. இன்னியிலிருந்து நம்ம கம்பெனியில உங்களுக்கு வேலை. இங்க தர்றதுக்கு மேல தர்றேன்."

சாமியப்பன் பதறி, ஷெட்டில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். "அதெப்படீங்க பாய்... வந்து..."

"என்னங்க வந்து, போயி? வேண்டாம்னு நீங்க எறிஞ்ச ஆளு. எடுத்துக்கிட்டா உங்களுக்கென்ன நட்டம்?"

"மாரப்பன் நல்ல கையிங்க."

"நல்ல கைன்னா அவரு மேல தப்பில்லை. அப்பத் தப்பு எங்க இருக்குது? வண்டியிலன்னு சொல்லுங்க. இல்லாட்டி ஆளைக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

சாமியப்பன் மேஜைக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"யாருகிட்ட இந்த நாடகம்?" என்று கத்தினார் அய்யூப். " இவரு நாளைக்கு டிபன் பாக்ஸோட வருவாரு, எனக்குத் தெரியாதா? நானே நடத்தறவன்யா! எங்க கம்பெனியில வெள்ளைக்காரனுக்கு நான் போட்டுக் காட்டாத நாடகமா?"

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. வாசலில் கார்ச் சாவியோடு நின்ற ராக்கையா வேறெங்கோ பார்த்தான்.

மாரப்பன் வண்டியில் ஏறவும் இல்லை, ஷெட்டுக்குப் போகவும் இல்லை. யூனிபாரத்தின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அதைச் சுருட்டிச் சாமியப்பன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியின் மேல் எறிந்தான். பிறகு அய்யூப் பக்கம் திரும்பினான்.

"நான் வர்றனுங்க பாய். வந்தா, அங்க வெள்ளைக்காரன் முன்னாடி யாருக்குப் பதிலா நான் தலை குனியோணுமுங்க?"