மரியாதைக்கு இருமாதவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை, எழுதச் சொன்னார்கள். நெஞ்சறுவை நிபுணர் டாக்டர் நெடுமாறன் ஓய்வு பெறுகிறார். தஞ்சாவூரில் பாராட்டு விழா, விழாவுக்கு ஒரு மலர். மலர்க்குழுச் செயலாளர் துரைராசு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நல்லதா நாலு பக்கம் போதும் சார். சேத்துல பொறந்து சிகரத்தத் தொட்டவருங்கிற மாதிரி."

மலர்க் கட்டுரை என்பது உயிரோடு இருப்பவருக்கு எழுதும் இரங்கல் செய்தி. (இதைத் துரைராசு அடித்துவிடுவார்.) ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "திருப்பனந்தாள் அருகே, வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், பண்ணையாள் முருகையனின் மகனாக..."

வேண்டாம். எல்லா மலரிலும் எல்லாரும் வயல்கள் சூழ்ந்த சிற்றூரில்தான் பிறக்கிறார்கள். அந்த வயல்கள் யாருடையவை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரமாயிரம் நெஞ்சுகளைத் திறந்த அந்தக் கைகள்..."

கைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கவிதை வந்துவிடுகிறது. அதுவும் வேண்டாம்.

அவருடைய வார்டிலிருந்து தொடங்குகிறேன். அது நான் கண்ணால் பார்த்தது. நெடுமாறன் ரவுண்ட்ஸ் வந்தால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சறுவைக்கென்று ஒரு பிரிவைப் போராடி உண்டாக்கியவர் அவர். பிறகு ஆஸ்பத்திரிக்கே தலைவரானார். அவருடைய அப்பாவை "டேய்" என்று கூப்பிட்ட குடும்பத்துப் பிள்ளைகள், இவரைக் கண்டதும் எழுந்து நிற்பதை அவர் ரசித்தார். ரசிக்கட்டுமே. உழைத்து வாங்கிய மரியாதை.

3

அவரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஹுமைரா சரியா கவனிக்கல. நீங்க அதெல்லாம் எழுத வேணாம். வயசாயிட்டுது, போயிட்டாருன்னு எழுதிக்குங்க."

சில வருஷங்களுக்கு முன்பு முருகையனின் வலது நுரையீரலில் கட்டி. பெற்ற அப்பாவின் நெஞ்சைத் தானே அறுக்க நெடுமாறனுக்கு மனம் வரவில்லை. தன் மாணவிகளில் கெட்டிக்காரியான டாக்டர் ஹுமைராவிடம் கத்தியைக் கொடுத்தார். அறுவை பிசகில்லாமல் முடிந்தது. ஒரு வாரத்துக்குள் நுரையீரலில் சளி அடைத்து, காய்ச்சல் கண்டு, முருகையன் இறந்துபோனார். அதன்பின் ஹுமைராவை அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் விடவே இல்லை. அந்தப் பெண் இப்போது பேராவூரணிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருக்கிறார்.

(தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு: நுரையீரல் அறுவைக்குப் பிறகு இருமியே ஆகவேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உயிர் போகிற மாதிரி வலித்தாலும் இருமிச் சளியை வெளியே தள்ள வேண்டும். அடக்கினால் போச்சு.)

4

டாக்டரின் தங்கை எழில்மொழி திருவிடைமருதூரில் பள்ளி ஆசிரியை. சின்ன வயதுப் புகைப்படம் ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனேன்.

"அண்ணன் லீவு போட்டுட்டு அப்பா பக்கத்துலயே உக்காந்துருந்துச்சு சார். சோறு தண்ணிகூட அங்கயேதான். ஹுமைரா டாக்டர் மட்டும் இருந்தா அப்பா தலையணையக் கட்டிக்கிட்டு நல்லா இருமுவாரு. அண்ணன் உள்ள வந்துட்டா வாயப் பொத்திக்குவாரு."

"ஏம்மா?"

"பண்ணையார் முன்னாடி அவரு இருமினதே இல்ல சார். இருமல் வந்தா துண்ட வாயில அடைச்சுக்கிட்டு வாய்க்கா பக்கம் ஓடிடுவாரு. பெரியவங்க எதுர இருமக் கூடாதும்பாரு. எங்களையும் அப்படித்தான் வளத்தாரு. அண்ணன் பெரிய டாக்டர் ஆனதுலேருந்து அதையும் அப்பா வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. 'இருமுப்பா'ன்னு அண்ணன் அதட்டும். 'சரிங்க'ன்னுட்டு லேசா செருமுவாரு. இருமல் கொறஞ்சிடுச்சு, தேறிட்டாருன்னு நாங்கள்லாம் சந்தோஷப்பட்டோம்."

"ஹுமைரா ஒன்னும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. 'சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க'ன்னாங்க. 'எங்கப்பாகிட்டேருந்து என்னையே வெளிய அனுப்புறியா'ன்னு அண்ணன் கத்துன கத்துல வார்டே நடுங்கிப்போச்சு. அதுக்கப்புறம் அவங்க வாயே தொறக்கல."

நான் நோட்டை மூடி வைத்தேன்.

"நீ பக்கத்துல இருந்ததாலதான் அப்பா போனாருன்னு அண்ணன்கிட்ட எப்படி சார் சொல்றது? உடைஞ்சு போயிடும். எழுதிடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, கேட்காமலே சொன்னார்: "அந்தப் பொண்ணுதான் பாவம்."

5

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் காட்டுவது? பண்ணையார் எப்போதோ செத்துப்போனார். நிலம் கைமாறிவிட்டது. பேரன்மார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவருக்குக் கொடுத்த மரியாதை மட்டும் முருகையனின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அதை மகன் வாங்கிக்கொண்டார், அது யாருக்குச் சேரவேண்டியது என்று கேட்காமலேயே.

முடிவு ஒன்று: விழா மேடையில் நெடுமாறன் ஹுமைராவை அழைத்து, கண்கலங்கி... (பாராட்டு விழாவில் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "முருகையன் வயது மூப்பால் காலமானார்." நாலு பக்கம் முடிந்தது. துரைராசுவுக்குச் சந்தோஷம், எழில்மொழிக்கு நிம்மதி. ஹுமைராவுக்கு மாத்திரைச் சீட்டு.

முடிவு மூன்று: இந்தக் கதையை எழுதுகிறவன்

6

அந்த வாக்கியத்தில் இருக்கும்போது துரைராசு போன் செய்தார். "டாக்டர் ஒரு தடவ பாத்து ஓகே சொன்னாத்தான் சார் அச்சுக்குப் போவும்."

ஆக, இந்தக் கதையின் முதல் வாசகர் நெடுமாறன்தான். அடித்தது திருத்தியது எல்லாவற்றோடும் அப்படியே கொடுத்தனுப்புகிறேன். எழில்மொழி என்னை மன்னிக்க மாட்டார். மன்னிக்கவும் வேண்டாம்.

டாக்டர், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பாசம். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஹுமைரா உங்களை ஏன் வெளியே இருக்கச் சொன்னார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்தபின் செய்வதைத்தான் இனி உங்கள் கணக்கில் எழுதுவார்கள். மூன்றாவது முடிவு உங்களுடையது.

மற்ற வாசகர்களே, இது மலரில் வந்திருந்தால், ஒன்று டாக்டர் முழுக்கப் படித்துவிட்டு, "அச்சில் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் நேரமில்லாமல் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓகே சொல்லியிருக்கிறார். எது என்று எனக்குத் தெரியாது. விழாவுக்கு வாருங்கள். மேடையில் ஹுமைராவுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால், டாக்டர் பேச எழும்போது நன்றாக இருமுங்கள்.