கடைசி வரியில் ஓர் இளஞ்சூடு

அந்த ஓட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று மேலேயிருந்து யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஆறு இயந்திரங்கள் ஓயாமல் சுற்றும். இஸ்திரி உருளைக்குள் போகும் விரிப்புகள் ஆவி கக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த வெண்மூட்டத்துக்குள் இருபத்திரண்டு வருஷமாக நடமாடுகிறவருக்கு ஓட்டல்காரர்கள் வைத்த பெயர் ஆவியண்ணன். புதிதாகச் சேருகிறவர்களிடம், "கீழ போய் ஆவியப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு மேலே நின்று சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபத்தையெல்லாம் ஒரே தடவையில், ஒரே ஒருத்தி மேல் கொட்டித் தீர்த்துவிட்டவர் அவர்.

அந்த ஒருத்தி அவருடைய மகள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, இன்னாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "இனிமே எனக்குப் பொண்ணு இல்ல" என்றார். கல்யாணத்துக்கு மனைவி மட்டும் போய் வந்தாள். இரண்டு வருஷம் கழித்து மனைவியும் போய்ச் சேர்ந்தபோது மகள் வந்தாள், அழுதாள், எல்லாரும் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மனுஷன் திறக்கவில்லை. வீம்பு! அந்த வீம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உப்புப் போட்டுத் தின்பதா? அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் இந்தத் திங்கட்கிழமைதான். ஈரத் துண்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் குலுங்கியது. மெயில். அந்த மெயில் விலாசமே மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு உருவாக்கிக் கொடுத்தது. இத்தனை நாளில் அதற்கு வந்ததெல்லாம் விளம்பரம்தான்.

"அப்பா, குழந்தையின் பதிவுக்குத் தாத்தாவின் அடையாள அட்டை நகல் கேட்கிறார்கள். வியாழன் காலைக்குள் வேண்டும்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'வார்ம் ரிகார்ட்ஸ்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே அவள் பெயர், உத்தியோகம், அலுவலகத்தின் தொலைபேசி எண்.

குழந்தையா! ஆவியண்ணன் அப்படியே ஈரத் துண்டுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். பேரனா பேத்தியா, எத்தனை மாதம், யார் ஜாடை, ஒன்றும் தெரியாது. கால்சட்டை நனைந்தது கூட உறைக்கவில்லை. இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம் எங்கேயோ அடுத்த ஊரில் கேட்பது போலிருந்தது.

மெயிலை ஏழெட்டுத் தடவை படித்தார். தமிழில் இருந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அரசாங்க அறிவிப்பு மாதிரி. ஆகவே மனசு அந்த ஆங்கில வரியைப் பிடித்துக்கொண்டது. 'ரிகார்ட்ஸ்' என்றால் அன்பு, மரியாதை மாதிரி ஏதோ ஒன்று என்று தெரியும். 'வார்ம்' அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். இயந்திரத்தில் மூன்று பொத்தான்களில் நடுப்பொத்தான் அது. மேலே இருப்பது கொதிக்கும், கீழே இருப்பது சில்லென்று இருக்கும். சாயம் போய்விடக் கூடாது, அழுக்கும் போகவேண்டும் என்கிற துணிகளுக்கு நடுப்பொத்தான். அப்படியென்றால் மகள் என்ன சொல்கிறாள்? கொதித்தது அடங்கிவிட்டது என்கிறாளா, ஆறிக்கொண்டே போகிறது என்கிறாளா?

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மகள் இதே நகரத்தில்தான், எந்தத் தெரு எந்த மாடி என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். நகலை போனிலேயே அனுப்பிவிடலாம். இல்லை, நேரில் கொண்டு போகலாம், குழந்தையைப் பார்க்கலாம். ஆனால் கதவைத் திறந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஐம்பத்தெட்டு வயசில் அதைத் தாங்குகிற நெஞ்சு தனக்கு இல்லை என்று அவருக்கே தெரியும். எந்தப் பக்கம் போவது என்று அந்த ஒரு சொல்தான் சொல்லவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கே அலுவலக அறையில் அடையாள அட்டையை ஒரு தாளில் நகலெடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். சலவைக்கூடத்தில் எந்தத் தாளின் பின்பக்கமும் வெறுமையாக இருந்ததில்லை. ஒவ்வொரு மாடியிலிருந்தும் துணியோடு சீட்டு வரும்: விரிப்பு இத்தனை, உறை இத்தனை, துண்டு இத்தனை. குறைந்தது, கிழிந்தது, கறைபட்டது எல்லாவற்றையும் ஆவியண்ணன் அந்தச் சீட்டின் முதுகிலேயே எழுதுவார். பேனா கையிலிருந்தால் தாளைத் திருப்பி எழுதுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடியில் ஏணி மேல் நின்றிருந்த எலெக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டார். அவனை எல்லாரும் பல்பு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏம்பா பல்பு, வார்ம்னா என்னப்பா?"

"மஞ்ச லைட்டுண்ணே. டப்பாவுலயே போட்டிருக்கும், பாருங்க." காலியான அட்டைப்பெட்டியைக் கீழே நீட்டினான். "ரூமுக்குள்ள பூரா வார்ம்தான். உங்க சலவைக்கூடத்துக்கும் நான் வேல செய்யற ரூமுக்கும் வெள்ளை லைட்டு."

"ஏன் அப்படி?"

"வெள்ளையில வேல செய்யலாம். ஆனா உக்காரத் தோணாது. வந்தவங்க இருந்துட்டுப் போகணும்னா மஞ்சதான் போடணும்."

ஆவியண்ணன் திறந்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லாத கட்டில், அவரே வெளுத்த விரிப்பு, மேலே தேன் நிறத்தில் வெளிச்சம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறைகளுக்குள் அவர் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. உட்காரவில்லை, பையிலிருந்த தாளை எடுத்துத் திருப்பி, 'இருந்துட்டுப் போகச் சொல்றது' என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானம் சமையலறைக்குக் கை துடைக்கும் துணிகள் கொண்டு போனார். அங்கே பரிமாறுவதற்கு முன் தட்டுகளை அடுக்கி வைக்கும் எஃகு அலமாரி ஒன்று உண்டு, அதற்கு வார்மர் என்று பெயர். அதற்குப் பொறுப்பான அக்கா வாயில் வசவு இல்லாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டாள், ஆனால் யாரையும் பசியோடு அனுப்பவும் மாட்டாள்.

"வார்மா? இந்தா, கைய உள்ள விடு" என்றாள். விட்டார். இதமாக இருந்தது. அடுக்கின் ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் மூடியிருந்தது.

"இது யாருக்குக்கா?"

"அந்த ராத்திரி வாட்ச்மேன் தடியனுக்கு. மணி ரெண்டாச்சு, இன்னும் எழுந்து வந்து தொலைக்கல. வர்றானோ இல்லையோ, சூடு போகாம இதுல வச்சாச்சு. எந்நேரம் வந்தாலும் திங்கலாம்ல?" அவர் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தணித்தாள். "என்னய்யா ஆச்சு உனக்கு, கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஆவிதான்க்கா. கண்ணுல பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்து, 'எந்நேரம் வந்தாலும்' என்று எழுதினார்.

புதன்கிழமை காலை முழுக்க அவர் தரையில் நடந்ததாகவே அவருக்கு நினைவில்லை. மின்தூக்கி அவரைத் தானாக மேலே கொண்டுபோனது, தானாகக் கீழே விட்டது. நாலாம் மாடியின் நீண்ட நடைவழியில், காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும் கம்பளத்தின் மேல், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எதிரே இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், அக்கா தங்கை போலிருந்தது. அக்கா எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள், தங்கை தேடுகிறாள். தங்கை விலகிப் போனால் அக்கா, "கோல்ட், கோல்ட்" என்றாள், இயந்திரத்தின் சில்லென்ற பொத்தானில் இருக்கிற சொல். சின்னது திரும்பி, தத்தித் தத்தி ஆவியண்ணன் பக்கமாக வந்தது.

"வார்ம்" என்றாள் அக்கா.

ஆவியண்ணன் நின்றுவிட்டார். குழந்தை இன்னும் ஓரடி வந்தது. "வார்ம், வார்ம்." வண்டியின் விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்தது. அழுக்கு விரிப்புகளின் மேல் ஒரு துணி முயல் கிடந்தது, அவர் கதவோரம் நிறுத்தியபோது பெரியது போட்டிருக்கவேண்டும். அவர் எடுத்துக் கொடுத்தார். குழந்தை அவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு ஓடியது. அவர் அந்த நடைவழியிலேயே நின்றார். ஒரு கதவு திறந்து மூடியது, யாரோ வெளியே வந்து போனார்கள். கிட்டத்தில் வந்துவிட்டாய் என்பதற்கும் அந்தச் சொல்தானா? சுவரில் சாய்ந்துகொண்டு அதையும் எழுதினார். எழுதினவர் நிறுத்தவில்லை. பேனா அது பாட்டுக்கு ஓடியது. 'நேர்ல போலாமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? தப்பு என் மேலதான். அவ அம்மா இருந்தா கேட்டிருப்பேன்.'

மூன்று மணிக்கு வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசிருக்கும், ஆங்கிலம் தண்ணீராக ஓடும், அவர் மேல் பிரியமுள்ளவள். கடைசியாக அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நாளைக்குக் கிளம்பிவிடலாம். சட்டை எது என்றுகூட மனசுக்குள் எடுத்து வைத்தாயிற்று.

அவள் போனை வாங்கி, அவர் காட்டிய ஆங்கில வரியைப் பார்த்தாள். "இதுவாண்ணே? இது யாரும் எழுதறதில்லண்ணே."

"அப்படின்னா?"

"ஆபீஸ் மெயில்ல ஒரு தடவ செட் பண்ணி வச்சுடுவாங்க. அப்புறம் யாருக்கு அனுப்பினாலும் பேரு, நம்பரோட சேர்ந்து அதுவா வந்து ஒட்டிக்கும். எனக்கும் வருது, பாருங்க. நேத்து கரப்பான்பூச்சி மருந்து அடிக்கிறவங்களுக்கு அனுப்பினதுலயும் இருக்கு."

காட்டினாள். இருந்தது. அதே இரண்டு சொல்.

ஆவியண்ணனுக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாளாக மாடி மாடியாக அலைந்து, கண்டவர்களிடமும் கேட்டு, கரப்பான்பூச்சி மருந்துக்காரனுக்குப் போகிற வரியைக் கட்டிக்கொண்டு கனவு கண்டிருக்கிறார். "சரிம்மா" என்றார். "இந்த நகல அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடு. அவ்வளவுதான் வேல." மடித்த தாளைக் கொடுத்துவிட்டு, எதிரேயிருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் தாளைப் பிரித்து நகல் இயந்திரத்தின் வாயில் வைத்தாள். அது சர்ரென்று இழுத்து, ஒரு தடவை முனகி, வெளியே துப்பியது. அது எடுத்ததை அவருடைய போனுக்கு மாற்றி, அதிலிருந்தே மகளின் மெயிலுக்குப் பதிலாக அனுப்பிவைத்தாள்.

"போயிடுச்சுண்ணே. ரெண்டு பக்கமும் சேர்த்தே போயிருக்கு."

"ரெண்டு பக்கமா?"

"ஆமாண்ணே. அடையாள அட்டைக்கு எப்பவும் முன்னாடி பின்னாடி ரெண்டுமே கேப்பாங்க. அதனால இந்த மெஷின ரெண்டு பக்கமும் எடுக்கிற மாதிரியே வச்சிருக்கோம்." தாளைத் திருப்பினாள். அப்போதுதான் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாள். இரண்டு வரி படித்ததும் அவள் முகம் மாறியது. "அண்ணே..."

"திரும்ப எடு."

"எடுக்க முடியாதுண்ணே."

"எடும்மா, தயவுசெஞ்சு. அவ பார்க்கக் கூடாது."

"போனது போனதுதாண்ணே. சாரிண்ணே, நான் பின்னாடி பார்த்திருக்கணும்."

நான்கு வருஷமாகக் கட்டிக் காத்த வீம்பு, மஞ்சள் விளக்கும் தட்டு அலமாரியும் துணி முயலுமாக, தப்பு என் மேலதான் என்கிற வரியோடு, மகளின் அலுவலக மேசைக்குப் போய்விட்டது. அங்கே பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், ஆனால் அந்தக் கூடத்தின் பளிங்குத் தரை கம்மென்று கிடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிற்பகல் வெளிச்சத்தில் மனிதர்கள் சத்தமில்லாமல் போனார்கள், வந்தார்கள். கீழே போய் வேலையைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். நாற்காலிக் கைப்பிடியை விடவில்லை.

பத்து நிமிஷம் போயிருக்கும். அவள் கையிலிருந்த அவருடைய போன் குலுங்கியது.

அவள் நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. திருப்பி அவளிடமே கொடுத்தார்.

"நீயே படிச்சுச் சொல்லும்மா. எனக்குத் தெரியல."

அவள் மெதுவாகப் படித்தாள்.

"ரெண்டு பக்கமும் படிச்சேன். இங்க பாத்ரூமுக்குள்ள நின்னு எழுதுறேன், வெளிய எல்லாரும் இருக்காங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு வாங்க. வாசல் மணி கெட்டுப்போயிருக்கு. கதவ பலமா தட்டுங்க. பாப்பா முழிச்சா முழிக்கட்டும்."