மீன் போட்ட பாத்தி

தேவிபட்டினத்தில் சீனி முகம்மது வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு காலத்தில் தோணிப் பலகைகளைச் செல்லரிக்காமல் மருந்தில் ஊறவைக்கும் கொட்டகை இருந்தது. கொட்டகை போய்விட்டது. மருந்திலிருந்த ஆர்சனிக் என்ற விஷம் மண்ணிலேயே தங்கிவிட்டது. சவுதியிலிருந்து திரும்பியவர் ஆசையாகக் கத்தரி வைத்தார். நாலு இலை விட்டதும் கன்றுகள் கருகின.

மண் பரிசோதனைக்கூடத்து மாரிச்செல்வி வந்து, ஒரு பாத்தியில் இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் உமிக்கரியும் கலந்தாள்.

"இரும்பு விஷத்தப் பிடிச்சு வச்சுக்கிரும்ணே. மீன் உரம் மட்டும் போட்டுறாதீக. அது விஷத்த அவுத்து விட்டுரும்."

அவள் பஸ் ஏறியதும் சீனி முகம்மது மனைவியிடம் சிரித்தார். "மீனு போடாத கொல்ல இந்தக் கரையில எங்கன இருக்கு மலிகா?"

அடுத்த பாத்தியிலும் அதே செம்மண்ணைக் கலந்து, இரண்டு கூடை மீன் கழிவைப் புதைத்தார். அங்கே கத்தரி இடுப்பளவு வளர்ந்தது. மீன் போடாத பாத்தியில் முழங்காலைத் தாண்டவில்லை. பூக்கள் பிஞ்சாகும் சமயத்தில் மாரடைப்பு வந்து சீனி முகம்மது மௌத்தானார்.

அவருக்கு ஓதி விருந்து வைக்கும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா நெருங்கியது. கணவர் இறந்தபின் அந்நிய ஆண்கள் பார்வையில் படாமலிருக்கும் இத்தாவில் மலிகா இருந்ததால், சீனி முகம்மதுவின் அண்ணன் ஜெய்னுலாபுதீன் வாசல் திரைக்கு வெளியே நின்று சொன்னார்:

"தாளிச்சாக் கொழம்புக்குத் தம்பி வச்ச காயத்தாம்மா போடணும். சந்தையில வாங்கிறாத."

மலிகாவுக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் இரண்டு பாத்திக் காய்களையும் மகள் சஃபாவிடம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு மாரிச்செல்வி போன் செய்தாள்.

"சின்னச் செடிக் காயத் தாராளமாச் சாப்பிடலாம்க்கா. பெரிய செடிக் காய ஆட்டுக்குக்கூடப் போடாதீக."

"நல்லா வேகவச்சா?"

"போகாதுக்கா."

சின்னச் செடிகளில் ஒரு கிலோ தேறினால் அதிகம். சாப்பிட வருகிறவர்கள் எண்பது பேர். விடிந்ததும் மலிகா கொல்லைக்குப் போனாள். மீன் போட்ட பாத்தியிலிருந்த முப்பத்தொரு செடிகளையும் காயோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினாள். கடைசிச் செடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் பிடுங்கினாள். சஃபா இராமநாதபுரம் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தாள்.

விசேஷத்தன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜெய்னுலாபுதீன் குரல் கேட்டது.

"இதுதான்யா மீனு போட்டு வளத்த காயி! தம்பி கைராசி. சந்தைக் காயில இந்த ருசி வருமா? அந்தப் பாத்தியில இன்னும் ரெண்டு கூட மீனப் போடச் சொல்லணும்."

சஃபா உம்மாவைப் பார்த்தாள்.

"பெரியத்தாட்டச் சொல்லிரவாம்மா?"

"சொல்லித்தான் ஆகணும். சாப்ட்டுக் கை கழுவட்டும், பெறகு சொல்லு" என்றாள் மலிகா.