ஆடுகள் தும்மும் தண்ணீர்

எங்கள் தீவுக் குழாய்த் தண்ணீரைக் குடித்தால் ஒரு காலத்தில் ஆடுகள் தும்மும். முட்டை வேகவைக்கத் தனியாக உப்பு வேண்டாம். பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்த ஒரு குழந்தை, காய்ந்ததும் பளபளவென்று மின்னியது. பக்கத்துத் தீவிலிருந்து படகு பிடித்து வந்து கும்பிட்டார்கள். நான் காபிக்கடை வைத்திருப்பவன். பொய் சொல்ல எனக்கு நேரமில்லை.

கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருந்தது. அதைக் கவனித்தவன் எஞ்சினியர் சராந்திஸ். அவன் காதலித்த அசிமினா, ஒருநாள் என் கடையில் காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"ஃபோட்டிஸ் மாமா, இது காபியா, மீன் கழுவின தண்ணியா?"

"சராந்திஸ்கிட்ட கேளும்மா. நான் வெறும் தூள் போடுறவன்."

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த அவனைப் பார்த்தாள். "இந்தத் தண்ணியச் சரிபண்ணு. பண்ணினதும் சொல்லு, வரேன்" என்றாள். மறுவாரம் மெல்பர்னில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலையில்லை. நிலையத்தில் உப்பை வடிகட்டும் சவ்வுத் தாள்களைப் பாய்போலச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்திருப்பார்கள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வலை. கோளாறு அந்த வலையில்தான் என்றான். அதன் இழைகளுக்குப் பின்னால் தண்ணீர் சோம்பிப்போய் நிற்கும். அங்கே பாசி பிடிக்கும், உப்பு சேரும், சேர்ந்த உப்பு சவ்வு வழியாகக் கசியும். மீன்வலையின் முடிச்சுக்குப் பின்னாலும் கடற்பாசி அப்படித்தான் தங்கும். இழையின் நடுவை மெலிதாக்கினான், முறுக்கிப் பார்த்தான், கண்ணியை அகலப்படுத்தினான். ஒவ்வொரு வலைக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, மாலைக் கப்பல் வரும்போது துறையில் போய் நின்றான்.

"வராதவளுக்கு எதுக்குடா தண்ணி?" என்று கேட்பேன்.

"வந்தா தாகமா இருப்பாண்ணே."

இப்படியே அவன் மீசை நரைத்தது. கடைசி வலை அபாரம். தண்ணீர் அவ்வளவு சுத்தம். கோப்பையில் ஊற்றியிருக்கிறதா இல்லையா என்று விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அவளுக்குச் சொல்லி அனுப்பினான். வந்தாள்.

ஊரே என் கடையில் கூடியது. நானே காபி போட்டேன், நுரை கலையாமல். குடித்தாள்.

"நல்லா இருக்கு. மெல்பர்ன் காபி மாதிரியே இருக்கு" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க தினம் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிச்சுப் பார்ப்பேன் மாமா. நம்ம ஊர் ருசி வரவேயில்ல. இங்க வந்தா கிடைக்கும்னு வந்தேன்."

சராந்திஸ் எழுந்து போனான். துறையில் கையளவு கடல்நீர் அள்ளி வந்து, அவள் கோப்பையில் ஒரு சொட்டு விட்டான். குடித்தாள், இல்லையென்று தலையசைத்தாள்.

"இதுல கடல் கசக்குது. நம்ம குழாய் உப்பு இப்படிக் கசக்காது, சராந்தி. அந்தத் தண்ணி திரும்ப வந்தா சொல்லு. இந்தத் தடவ பெட்டி படுக்கையோட வரேன்."

கப்பல் ஊதியது. போகும்போது அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பழைய வலை ஒன்றுகூட மிச்சமில்லை. பெருமையில் எல்லாவற்றையும் அவனே கொளுத்தியிருந்தான். இப்போது பழையபடி கெட்ட வலை செய்யப் பார்க்கிறான். நல்லதைச் செய்வதைவிட அது கஷ்டமாம். செய்வதெல்லாம் நன்றாகவே வந்துவிடுகிறது. மாலையில் பாட்டிலோடு துறைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் கேட்பது ஒரே கேள்வி: "ஆடுங்க தும்முதா?"

இன்று காலை பாதிரியாரின் ஆடு என் கடை வாசலில் நின்று பெரிதாக ஒரு தும்மல் போட்டது. சொன்னேன். சராந்திஸ் காபியை அப்படியே விட்டுவிட்டு, போன் பண்ண ஓடினான்.

ஆட்டுக்கு நேற்றிலிருந்தே சளி. அதை நான் சொல்லவில்லை.